ஓடாத சர்வரை ஓட வைக்க: பேக்எண்ட் படிக்கத் தொடங்கியவர்களுக்கு அறிகுறி வாரியான பிழைநீக்கம்

அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ வீட்டில் இருந்தபடியே, ஒரு பழைய லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டுமாக பேக்எண்ட் படிக்கிறவர்களுக்கான குறிப்பு இது. இது பாடம் அல்ல. பாடம் நடுவழியில் நின்றுபோகும்போது எடுத்துப் பார்ப்பதற்கானது. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு சின்ன சர்வரை வைத்துக்கொள்வோம். தாமிரபரணிப் பாசன அணைகளின் அன்றாட நீர்மட்டத்தைச் சேமித்துத் தருவதுதான் அதன் வேலை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக் கொள்ளளவு மட்டமும், தினமும் காலை 8 மணி அளவும் அதில் இருக்கும். பைத்தான் மொழி, அதில் சர்வர் எழுத உதவும் ஃபிளாஸ்க், தரவை ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் மூன்றும் போதும். இந்தத் தரவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: தமிழ்ப் பெயர், புள்ளி வைத்த எண், தேதி மூன்றும் இதில் இருக்கின்றன. புதியவர்களை அதிகம் படுத்துகிறவை இந்த மூன்றுதான்.

முதலில்: அடைப்பு எங்கே?

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலை வெட்டிக்கொண்டு நிற்க மாட்டோம். அணைக்கட்டில் திறந்திருக்கிறார்களா, கன்னடியன் கால்வாயில் ஓடுகிறதா, குளம் நிரம்பியதா, மடை திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம். சர்வரிலும் அப்படியே. பிரவுசர், நெட்வொர்க், சர்வர், நீங்கள் எழுதிய ஃபங்ஷன், டேட்டாபேஸ் என்ற வரிசையில்தான் கோரிக்கை போகிறது. எந்த இடம் வரை வந்தது என்று தெரியாமல் கோடில் கைவைக்காதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சர்வர் ஓடும் டெர்மினலே போதும். பிரவுசரில் முகவரியைத் தட்டியதும் அந்த டெர்மினலில் புதிதாக ஒரு வரி விழுகிறதா பாருங்கள். வரியே விழவில்லை என்றால் கோரிக்கை சர்வருக்கு வந்து சேரவே இல்லை. முகவரி, போர்ட் (சர்வர் உட்கார்ந்து கேட்கும் வாசல் எண்), ஃபயர்வால் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. வரி விழுந்து கடைசியில் 404 அல்லது 405 இருந்தால், வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் அதற்கான வழியோ முறையோ உங்கள் கோடில் இல்லை. 500 என்றால் உங்கள் ஃபங்ஷனுக்குள்ளேயே ஏதோ உடைந்திருக்கிறது. 200 வந்தும் பதில் தப்பாக இருந்தால் தரவைப் பார்க்க வேண்டும்.

500 வரும்போது டெர்மினலில் நீளமாக ஒரு பிழைச்செய்தி கொட்டும். அதை மேலிருந்து படிக்கக் கூடாது. பைத்தானில் கடைசி வரிதான் பிழையின் பெயரும் காரணமும். அதைப் படித்துவிட்டு மேலே ஏறுங்கள். நீங்கள் எழுதிய ஃபைலின் பெயர் எந்த வரியில் முதலில் எதிர்ப்படுகிறதோ, அந்த வரி எண்தான் போய்ப் பார்க்க வேண்டிய இடம். நடுவில் வரும் ஃபிளாஸ்க், அதற்கு அடியில் இருக்கும் வெர்க்ஸ்யூக் ஆகியவற்றின் ஃபைல்களைத் திறந்து திருத்தவே திருத்தாதீர்கள்.

"பைத்தான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறக்கு"

விண்டோஸில் வரும் முதல் தடங்கல் இது. பைத்தான் இல்லாத இடத்தில் விண்டோஸ் தன் சொந்த குறுக்குவழியை வைத்திருக்கிறது. நீங்கள் பைத்தானை நிறுவிய பிறகும் சில நேரம் அதுவே முந்திக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் "ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸஸ்" என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே பைத்தான் பெயரில் உள்ள இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள். நிறுவும்போது முதல் திரையிலேயே "பாத்"தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் மறுபடி நிறுவுவதே எளிது. முடிந்ததும் டெர்மினலை மூடித் திறக்க மறக்காதீர்கள். பழைய ஜன்னலுக்குப் புதிய பாத் தெரியாது.

"இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனா அப்படி ஒரு மாட்யூலே இல்லங்கு"

உங்கள் லேப்டாப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது. நிறுவியது ஒன்றில், ஓட்டுவது இன்னொன்றில். பெரும்பாலும் காரணம் இதுதான். பிப் என்பது பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி. "பிப் இன்ஸ்டால்" என்று தனியாக அடிப்பதை விட்டுவிட்டு "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க்" என்று அடித்தால், எந்தப் பைத்தானில் ஓட்டப் போகிறீர்களோ அதிலேயே நிறுவும்.

நிரந்தர வழி, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி மெய்நிகர் சூழல். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று "பைத்தான் -எம் வென்வ் .வென்வ்" என்று அடித்து, அதை ஆக்டிவேட் செய்யுங்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தெரிந்தால்தான் உள்ளே இருக்கிறீர்கள். டெர்மினலை மூடினால் அது போய்விடும். ஒவ்வொரு முறையும் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பவர்ஷெல்லில் "ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை" என்று சிவப்பில் வந்தால், "செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்டு -ஸ்கோப் கரண்ட்யூசர்" என்று ஒருமுறை அடித்தால் போதும். அட்மினாகத் திறக்கத் தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் இம்போர்ட் வரியிலேயே பிழை என்றால் உங்கள் ஃபைலின் பெயரைப் பாருங்கள். படிக்கிற ஆர்வத்தில் ஃபைலுக்கே "ஃபிளாஸ்க்.பை" என்று பெயர் வைத்திருப்பீர்கள். பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும். உண்மையான ஃபிளாஸ்க்குக்குப் பதில் உங்கள் ஃபைலையே உள்ளே இழுத்துவிடும். பெயரை மாற்றுங்கள்.

ஹாட்ஸ்பாட் மந்தமாக இருந்து பதிவிறக்கம் பாதியில் அறுந்தால், பிப்பின் காத்திருப்பு நேரம் 15 விநாடிதான் என்பதை நினைவில் வையுங்கள். கட்டளையின் கடைசியில் "--டைம்அவுட் 100" சேர்த்தால் பொறுமையாகக் காத்திருக்கும்.

"நேத்து ஓடிச்சு, இன்னைக்கு போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டுல இருக்குங்கு"

ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் உட்கார முடியும். ஃபிளாஸ்க் வழக்கமாக 5000-இல் உட்காரும். பழைய டெர்மினல் எங்கேயாவது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது லினக்ஸிலும் மேக்கிலும் நிறுத்துவதாக நினைத்து கன்ட்ரோல்+இஸட் அழுத்தியிருப்பீர்கள். அது நிறுத்தாது, உறங்க மட்டும் வைக்கும், போர்ட்டை விடாது. நிறுத்த வேண்டியது கன்ட்ரோல்+சி.

விண்டோஸில் "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" அடித்து, 5000 உள்ள வரியின் கடைசியில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு "டாஸ்க்கில் /பிஐடி" என்பதோடு அந்த எண்ணையும் "/எஃப்" என்பதையும் சேர்த்து அடித்தால் நிற்கும். புதிய மேக்கில் ஏர்ப்ளே ரிசீவர் 5000-ஐ எடுத்துக்கொள்வதுண்டு. அதோடு மல்லுக்கட்டாமல் உங்கள் சர்வரை 5001-இல் ஓட்டிவிடுங்கள்.

"லேப்டாப்ல வருது, போன்ல தொறந்தா வர மாட்டேங்கு"

127.0.0.1 என்றால் "இந்த எந்திரமே" என்று பொருள். போனில் அதைத் தட்டினால் போன் தன்னைத்தானே தேடும். சர்வரும் அந்த முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. சர்வரை ஓட்டும் "ஃபிளாஸ்க் ரன்" கட்டளையோடு "--ஹோஸ்ட் 0.0.0.0" சேர்த்து ஓட்டுங்கள். பிறகு "ஐபிகான்ஃபிக்" அடித்து லேப்டாப்பின் முகவரியை எடுத்து, அதோடு முக்காற்புள்ளியும் 5000-மும் சேர்த்துப் போனில் தட்டுங்கள்.

இன்னும் வரவில்லை என்றால், உடனே மறுப்பு வருகிறதா, வெகுநேரம் சுற்றிவிட்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். உடனே மறுத்தால் அந்த எந்திரம் வரை போய்விட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இல்லை. முதல்முறை ஓட்டும்போது விண்டோஸ் கேட்ட அனுமதியை அவசரத்தில் ரத்து செய்திருந்தால், ஃபயர்வால் பட்டியலில் போய்ப் பைத்தானைத் தனியார் நெட்வொர்க்குக்கு அனுமதிக்க வேண்டும். "--டீபக்" (பிழை விவரத்தைப் பிரவுசரிலேயே காட்டும் நிலை) போட்டு வைத்துக்கொண்டு 0.0.0.0-ஐக் கல்லூரி அல்லது கடை வைஃபையில் திறக்காதீர்கள். டீபக் பக்கத்தின் வழியாக அடுத்தவர் உங்கள் லேப்டாப்பில் கோடு ஓட்டவே வாய்ப்பு உண்டு.

"404, 405, 415… நம்பரா வருது"

404 என்றால் அந்த வழி இல்லை. எழுத்துப்பிழை, கடைசியில் சாய்கோடு கூடுதல், அல்லது ஃபங்ஷனுக்கு மேலே ரூட் வரி விட்டுப்போயிற்று. 405 என்றால் வழி உண்டு, முறை (தரவைக் கேட்கும் கெட், தரவை அனுப்பும் போஸ்ட் போன்றது) தவறு. புதிய அளவைச் சேர்க்கும் போஸ்ட் வழியைப் பிரவுசரின் முகவரிப் பட்டையில் தட்டினால் 405-தான் வரும், ஏனென்றால் முகவரிப் பட்டை எப்போதும் கெட் கோரிக்கையைத்தான் அனுப்பும். உங்கள் கோடில் தப்பு எதுவும் இல்லை.

415-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இதில் ஒரே நேரத்தில் மூன்று கோளாறுகள் பின்னிக்கிடக்கும். டெர்மினலிலிருந்தே கோரிக்கை அனுப்பும் கருவி கர்ல்; தரவை எழுத்தாக எழுதி அனுப்பும் வடிவம் ஜேசன். பவர்ஷெல்லில் "கர்ல்" என்று அடித்து ஜேசன் அனுப்புகிறீர்கள். முதல் சிக்கல்: பழைய பவர்ஷெல்லில் கர்ல் என்பது உண்மையான கர்ல் அல்ல, "இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட்" என்ற வேறொரு கட்டளையின் மறுபெயர். "கர்ல்.எக்ஸி" என்று முழுப்பெயரில் அடியுங்கள். இரண்டாவது: "-டி" போட்டு அனுப்பும்போது கர்ல் அதை ஃபார்ம் தரவு என்றுதான் தலைப்பில் எழுதும்; ஜேசன் என்று சொல்லாது. அதனால்தான் ஃபிளாஸ்க் 415 என்று திருப்பி அனுப்புகிறது. "-ஹெச்" போட்டுக் "கன்டென்ட்-டைப்: அப்ளிகேஷன்/ஜேசன்" என்று நீங்களே சொல்ல வேண்டும். அதைச் செய்ததும் 415 போய் 400 வரும். பயந்துவிடாதீர்கள், ஒரு படி முன்னேறியிருக்கிறீர்கள். மூன்றாவது சிக்கல் மேற்கோள்குறி: விண்டோஸ் டெர்மினல் ஜேசனுக்குள் இருக்கும் இரட்டை மேற்கோள்களை வழியிலேயே தின்றுவிடுகிறது. அவற்றுக்கு முன் பின்சாய்கோடு போட்டு மாரடிப்பதைவிட, ஜேசனைத் தனி ஃபைலில் எழுதி, "-டி"க்குப் பிறகு அட் குறியோடு ஃபைல் பெயரைக் கொடுங்கள். பவர்ஷெல்லில் அந்த அட் குறிக்கு வேறு பொருள் இருப்பதால் அட் குறியையும் ஃபைல் பெயரையும் சேர்த்து மேற்கோளுக்குள் வையுங்கள்.

"கோட மாத்துனேன், பழசே வருது"

ஃபைலைச் சேமித்தீர்களா, டெர்மினல் அதே ஃபோல்டரில்தான் நிற்கிறதா, "--டீபக்" போட்டு ஓட்டினீர்களா என்று பாருங்கள். பிரவுசரின் பழைய நினைவா என்று அறிய, மறைநிலை ஜன்னலில் திறந்து பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால் ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரின்ட் போடுங்கள். டெர்மினலில் அது வரவில்லை என்றால் நீங்கள் திருத்துவது ஓடுகிற ஃபைலே அல்ல.

"டேட்டா போட்டேன், எங்க போச்சுன்னே தெரியல"

சர்வர் 200 தருகிறது, மறுபடி ஓட்டினால் அளவுகள் இல்லை. பைத்தானின் எஸ்கியூலைட்டில் இன்சர்ட் (வரி சேர்ப்பது) செய்த பிறகு கமிட் (மாற்றத்தை உறுதியாக்குவது) செய்யாவிட்டால் எதுவும் நிலைக்காது. இணைப்பை மூடும்போது அது தானாகக் கமிட் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது; அழிந்துவிடும்.

கமிட் இருந்தும் இல்லை, அல்லது "அப்படி ஒரு டேபிளே இல்லை" என்று வருகிறதா? எஸ்கியூலைட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு: சொன்ன இடத்தில் ஃபைல் இல்லை என்றால் குறை சொல்லாது, வெறும் ஃபைல் ஒன்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஃபைல் பெயரை மட்டும் கொடுத்திருந்தால், டெர்மினல் எந்த ஃபோல்டரில் நின்றதோ அங்கே தேடும். நேற்று ஒரு ஃபோல்டரில் நின்று ஓட்டினீர்கள், இன்று இன்னொன்றில். ஆக இரண்டு டேட்டாபேஸ்கள். லேப்டாப் முழுவதும் ஃபைல் பெயரைத் தேடிப் பாருங்கள், இரண்டு மூன்று கிடைக்கும். கோடு இருக்கும் ஃபோல்டரிலிருந்து முழுப் பாதையைக் கணக்கிட்டுக் கொடுப்பதே சரி.

"டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது" என்று வந்தால், பக்கத்தில் அதே ஃபைலை டிபி பிரவுசரில் திறந்து ஏதோ மாற்றிவிட்டுச் சேமிக்காமல் வைத்திருப்பீர்கள். அங்கே சேமியுங்கள், அல்லது மூடுங்கள்.

கரண்ட் போய் லேப்டாப் அணைந்தால் எஸ்கியூலைட் கெட்டுப்போகுமோ என்ற கவலை வேண்டாம். பாதியில் நின்ற வேலையை அடுத்தமுறை திறக்கும்போது அதுவே பின்வாங்கிக்கொள்ளும். ஆனால் டேட்டாபேஸ் பக்கத்தில் "-ஜர்னல்" என்று முடியும் ஒரு ஃபைல் கிடந்தால் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பின்வாங்குவதற்கான குறிப்பே அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடக் கூடாது. எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் பயனர் தந்த பெயரை ஒட்டவைத்து எழுதாதீர்கள். பெயரில் ஒற்றை மேற்கோள் வந்த அன்றே வாக்கியம் உடையும். கெட்ட எண்ணம் உள்ளவர் கையில் கிடைத்தால் டேபிளே போகும். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும்.

"98 அடிதான் பெருசுன்னு 118-க்கு மேல காட்டுது"

நீர்மட்டப் பத்தியை டெக்ஸ்ட் என்று உருவாக்கிவிட்டீர்கள். எழுத்தாக ஒப்பிடும்போது முதல் எழுத்தைத்தான் பார்க்கும். 9 என்பது 1-ஐவிடப் பெரிது, அதனால் 98.40 மேலே ஏறிவிடுகிறது. பத்தியின் வகை ரியல் என்று இருக்க வேண்டும். எஸ்கியூலைட்டில் பத்தியின் வகையை நேரடியாக மாற்ற முடியாது. சரியான வகையோடு புதிய டேபிள் உருவாக்கி, பழையதை அதில் கொட்டி, பழையதை நீக்கிவிட்டுப் பெயர் மாற்றுங்கள். அதற்கு முன் டேட்டாபேஸ் ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் உடைகிறதா?

ஆங்கிலப் பாடங்களில் இது இருக்காது என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடைவதில் ஐந்து வகை உண்டு, மருந்தும் வேறு வேறு.

பதிலில் பாபநாசம் என்பதற்குப் பதில் பின்சாய்கோடும் "யூ"வும் எண்களுமாக வருகிறது என்றால் எதுவும் கெடவில்லை. ஃபிளாஸ்க் வழக்கமாகவே ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை இப்படி எண்ணாக்கி அனுப்பும். வாங்குகிற ஜாவாஸ்கிரிப்ட் சரியாகவே படித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிய வேண்டும் என்றால் ஃபிளாஸ்க்கின் ஜேசன் அமைப்பில் "என்ஷ்யூர் ஆஸ்கி" என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று குப்பையாக வந்தால், யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் (எழுத்துகளைக் கணினி எண்ணாக வைக்கும் முறை) உள்ள தரவை வேறு குறிமுறையில் படித்திருக்கிறீர்கள். பெரும்பாலும் தரவு பத்திரமாக இருக்கும், படிக்கும் விதத்தைத் திருத்தினால் போதும். விண்டோஸில் ஓபன் ஃபங்ஷனுக்கு "என்கோடிங்" யூடிஎஃப்-8 என்று எப்போதும் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் விண்டோஸின் பழைய குறிமுறையில் படிக்கப் போய் "சார்மேப்" பிழையில் வந்து நிற்கும்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை வேறு. மைஎஸ்கியூஎல்லில் டேபிள் லத்தீன்1 குறிமுறையில் இருக்கும்போது சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகவே எழுதப்பட்டுவிடக்கூடும். மீட்க வழியில்லை, டேபிளை "யூடிஎஃப்8எம்பி4"க்கு மாற்றிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

எக்செல்லிலிருந்து சிஎஸ்வி எடுத்து ஏற்றும்போது முதல் பத்தியின் பெயர் மட்டும் "இல்லை" என்று கீஎரர் வருகிறது, ஆனால் கண்ணுக்கு இருக்கிறது. எக்செல் யூடிஎஃப்-8 சிஎஸ்வியின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும்; அது முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. "யூடிஎஃப்-8-சிக்" என்ற குறிமுறையில் படித்தால் அது உதிர்ந்துவிடும்.

கடைசி வகைதான் ஆளை அலையவிடும். நாங்குநேரிப் பக்கத்துக் கொடுமுடியாறு அணையைத் தேடுகிறீர்கள். டேபிளில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் வெறுமை. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். கீபோர்டுக்குக் கீபோர்டு இது மாறலாம். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் பைத்தானின் "யூனிகோட்டேட்டா" தொகுப்பிலுள்ள "நார்மலைஸ்" ஃபங்ஷனில் என்எஃப்சி என்று கொடுத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே உள்ள வரிகளையும் ஒருமுறை அப்படி மாற்றி எழுதிவிட வேண்டும்.

நீளக் கணக்கிலும் கவனம் வேண்டும். பாபநாசம் என்பது நமக்கு 5 எழுத்து. பைத்தானின் "லென்" 8 என்று சொல்லும், யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 24. பெயருக்கு 10 எழுத்து போதும் என்று வரம்பு வைத்தால் மணிமுத்தாறே உள்ளே நுழையாது.

"காலையில போட்ட அளவு நேத்து தேதியில விழுந்திருக்கு"

எஸ்கியூலைட்டின் "கரண்ட் டைம்ஸ்டாம்ப்" உலகப் பொது நேரத்தைத் தருகிறது. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். காலை 8 மணிக்குப் போட்டால் அங்கே 2.30, தேதி அதேதான், அதனால் பிழை தெரியாது. விடிகாலை 4 மணிக்குச் சோதித்தால் அங்கே முந்தைய இரவு 10.30. ஆக, காலை 5.30-க்கு முன் பதிவாகும் வரிகள் மட்டும் நேற்றைய தேதியில் விழும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் கண்ணில் படாத பிழை இது.

சேமிப்பது பொது நேரத்திலேயே இருக்கட்டும். காட்டும்போது மட்டும் "ஜோன்இன்ஃபோ"வில் "ஏசியா/கொல்கத்தா" கொடுத்து மாற்றுங்கள். விண்டோஸில் அந்த மண்டலம் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் "டிஇசட்டேட்டா" தொகுப்பைப் பிப் வழியாக நிறுவுங்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டி எழுதாதீர்கள். லேப்டாப்பில் ஒருமுறையும் ஹோஸ்டிங்கில் ஒருமுறையும் கூட்டி, கடைசியில் பொது நேரத்தைவிட 11 மணி நேரம் தள்ளிப்போய் நிற்கும்.

"கர்ல்ல வருது, வெப் பேஜ்ல கார்ஸ்னு சிவப்பா வருது"

தடுப்பது பிரவுசர், உங்கள் சர்வர் அல்ல. ஒரு முகவரியிலிருந்து வந்த பக்கம் இன்னொரு முகவரியின் பதிலைப் படிக்க, அந்தச் சர்வர் அனுமதி சொல்ல வேண்டும். போர்ட் மாறினாலே வேறு முகவரிதான்; லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-உம்கூட வேறு வேறாகவே கணக்கு. ஹெச்டிஎம்எல் ஃபைலை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் அதற்கு முகவரியே கிடையாது. "ஃபிளாஸ்க்-கார்ஸ்" தொகுப்பை நிறுவி, உங்கள் பக்கத்தின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். படிக்கும் கட்டத்தில் இன்னும் எளிய வழி, பக்கத்தையும் ஃபிளாஸ்க்கே பரிமாறட்டும், சிக்கலே எழாது. அதோடு, சர்வரில் 500 வந்து அனுமதித் தலைப்பு விடுபட்டாலும் பிரவுசர் கார்ஸ் என்றுதான் கத்தும். டெர்மினலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கார்ஸில் இறங்குங்கள்.

"வீட்ல ஓடுது, ஹோஸ்டிங்ல ஏத்துனா ஓடல"

அங்கே இருப்பது பெரும்பாலும் லினக்ஸ். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது. "ரிக்வயர்மென்ட்ஸ்" ஃபைலில் எழுதாத தொகுப்பு அங்கே இருக்காது. போர்ட்டை 5000 என்று அடித்து எழுதியிருந்தால், ஹோஸ்டிங் தரும் "போர்ட்" என்ற சூழல் மாறியிலிருந்து எடுக்கும்படி மாற்றுங்கள். ஃபிளாஸ்க் ரன் என்பது படிப்பதற்கான சர்வர். அங்கே கூனிகார்ன் போன்ற ஒன்றை வையுங்கள்.

சில இலவச ஹோஸ்டிங்குகளில் ஒவ்வொரு முறை புதிதாக ஏற்றும்போதும் வட்டு துடைக்கப்பட்டுவிடும். எஸ்கியூலைட் ஃபைல் அதோடு போகும். அங்கே போஸ்ட்கிரஸ் போன்ற தனி டேட்டாபேஸுக்கு மாற வேண்டும். அதன் பாஸ்வேர்டைக் கோடில் எழுதாமல் ".என்வ்" ஃபைலில் வைத்து, அதை முதல் கிட் கமிட்டுக்கு (டேட்டாபேஸ் கமிட் அல்ல, கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டின் கமிட்) முன்பே ".கிட்இக்னோர்"இல் சேர்த்துவிடுங்கள். தவறிக் கிட்ஹப்பில் ஏறிவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது பயன்படாது, பழைய வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

"வீடியோ பாக்கும்போது புரியுது, தனியா எழுத உக்காந்தா கை ஓடல"

இதுவும் ஒரு பிழைதான், திருத்த முடிந்த பிழை. பார்த்துப் புரிவதும் நினைவிலிருந்து எழுதுவதும் தனித்தனித் திறமைகள்; வீடியோ முதலாவதை மட்டும்தான் வளர்க்கும். ஒரு வழியை, உதாரணமாக அணைப் பட்டியலைத் தரும் கெட் வழியை, பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெற்று ஃபைலில் எழுதுங்கள். நின்ற இடத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள். அடுத்து, ஓடுகிற கோடை வேண்டுமென்றே கெடுங்கள்: கமிட்டை எடுங்கள், ரூட்டின் பெயரை மாற்றுங்கள், டேபிள் பெயரில் ஓர் எழுத்தைத் தூக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தி வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு அதே செய்தி தானாக வரும்போது உங்களுக்குப் பழகிய முகமாக இருக்கும்.

மாதம் ஒரு மொழி மாறுவதுதான் எங்கள் பார்வையில் மிகப் பெரிய கேடு. நோடு, ஜாவா, கோ எல்லாவற்றிலும் ஹெச்டிடிபியும் எஸ்கியூஎல்லும் ஒன்றுதான். ஒரு மொழியில் சேர்ப்பது, படிப்பது, திருத்துவது, நீக்குவது நான்கையும் முடித்து, இரண்டு டேபிள்களை ஜாயின் செய்து, பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல் ஹாஷ் செய்து ஒரு லாகின் போட்டு, ஹோஸ்டிங்கில் ஏற்றும் வரை வேறு மொழியைத் தொடாதீர்கள். டாக்கரும் மைக்ரோசர்வீஸும் அதற்குப் பிறகு.

ஏஐ எழுதித் தரும் கோடை ஒட்டினால் ஓடும், உடைந்தால் உங்களால் திருத்த முடியாது. ஒட்டும் முன் ஒவ்வொரு வரியும் ஏன் என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள். இல்லாத தொகுப்பின் பெயரைக்கூட அது தரக்கூடும். நிறுவும் முன், பைத்தான் தொகுப்புகள் இருக்கும் பைபிஐ தளத்தில் அப்படி ஒன்று உண்மையில் உண்டா, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

அண்ணாச்சியிடம் கேட்கும் முன்

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால், தெரிந்தவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் திரையைப் போனில் படமெடுத்து "ஓட மாட்டேங்கு" என்று அனுப்பினால் அவரால் எதையும் தேடிப் பார்க்க முடியாது. பிழைச்செய்தியை எழுத்தாகவே, கடைசி வரி உட்பட முழுதாக நகலெடுத்து அனுப்புங்கள். அடித்த கட்டளை, விண்டோஸா லினக்ஸா, பைத்தான் பதிப்பு, கடைசியாக ஓடிய பிறகு என்ன மாற்றினீர்கள், இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள் என்பதும் கூடவே போகட்டும். பிழை வரும் அளவுக்குக் கோடைச் சுருக்கிக் கொடுங்கள். 300 வரியை 20 வரியாகச் சுருக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடுகிறது. கேள்வி இப்படி இருந்தால் போதும்:

"அண்ணாச்சி, விண்டோஸ் 11, பைத்தான் 3.12. போஸ்ட் வழிக்குக் கர்ல்.எக்ஸி வச்சு ஜேசன் அனுப்புதேன். டெர்மினல்ல வரி விழுது, 400 வருது. கன்டென்ட்-டைப் போட்டாச்சு, அதுக்கு முன்னால 415 வந்துச்சு. கட்டளையையும் ஃபைலையும் கீழ ஒட்டிருக்கேன்."

இதைப் படிக்கிறவர் மேற்கோள்குறியைப் பார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்.